நாதியா பூலான்ஜேயின் கடிதம் ஒன்றை வாங்குவது எப்படி: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

சென்னையில் பியானோ கற்பித்து வரும் நான், பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளரும் ஆசிரியருமான நாதியா பூலான்ஜேயின் (1887–1979) கடிதம் ஒன்றை முதன்முதலாக வாங்கியபோது, 240 யூரோ கொடுத்து ஒரு கையொப்பத்தை மட்டுமே வாங்கியிருக்கிறேன் என்பது உறையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. பக்கம் முழுவதும் இருந்த எழுத்து வேறொருவருடையது. அடியில் இருந்த பெயர் மட்டும் அவர் இட்டது. விற்றவர் ஏமாற்றவில்லை. விவரக் குறிப்பில் அவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார், எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த கடிதம் சுங்கத்தில் 19 நாள் கிடந்தது. இந்த இரண்டு அனுபவங்களுக்குப் பிறகு சிறுகச் சிறுகக் கற்றுக்கொண்டவற்றை, அதே குழிகளில் நீங்களும் விழ வேண்டாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஏரன் கோப்லாண்ட், ஆஸ்டர் பியாசோலா, குயின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ் ஆகியோரின் ஆசிரியர் அவர் என்பதைத் தவிர, அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே சொல்லப் போவதில்லை. வாங்குபவருக்குப் பயன்படும் தேதிகளையும் முகவரிகளையும் மட்டும் ஆங்காங்கே தருகிறேன். தமிழில் ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல், எழுதும் பாணியையும் இறுதியில் இடும் பெயரையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தத் துறையில் அந்த மயக்கம் பணத்தைக் கரைத்துவிடும் என்பதால், இக்கட்டுரை முழுவதும் ‘கையெழுத்து’ என்பதை எழுத்துப் பாணிக்கும் ‘கையொப்பம்’ என்பதை இறுதியில் இடும் பெயருக்கும் பயன்படுத்துகிறேன்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பூலான்ஜே நீண்ட காலம் வாழ்ந்தவர், மாணவர்களோடும் நண்பர்களோடும் ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். ஆகவே அவருடைய சிறு அட்டைகளும் கடிதங்களும் சந்தையில் அடிக்கடி கிடைக்கின்றன. அவர் எழுதிய இசைப் பிரதிகள் அப்படிக் கிடைப்பதில்லை. 1920-களின் தொடக்கத்திலேயே அவர் இசையமைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். எனவே அவருடைய சொந்தப் படைப்பின் மூலப் பிரதி என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அவசரப்படாமல் இன்னொரு சாத்தியத்தையும் எண்ணிப் பாருங்கள்: 1918-இல் 24 வயதில் இறந்த தங்கை லிலி பூலான்ஜே, தம் ‘பியே யேசு’ என்ற சமயப் பாடலை நோய்ப் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல நாதியாதான் எழுதிக்கொண்டார். எழுதிய கை நாதியாவுடையது என்பதால் இசையும் அவருடையதாகிவிடாது.

கடிதங்களுக்கு அடுத்தபடியாகக் கிடைப்பவை கச்சேரி நிகழ்ச்சித் தாள்கள், கையொப்பமிட்ட புகைப்படங்கள், 1937-இல் அவர் நடத்திப் பதிவு செய்த, இத்தாலிய இசையமைப்பாளர் மொந்தேவெர்தியின் பாடல்கள் அடங்கிய 78 சுழற்சி இசைத்தட்டுகள், 1921-இல் தொடங்கப்பட்ட ஃபோந்தென்ப்ளோ அமெரிக்க இசைப்பள்ளியின் கோடைக்கால வெளியீடுகள் ஆகியவை. 1956-இல் மொனாக்கோ அரசர் திருமணத்துக்கு இசை ஏற்பாடு செய்தவர் அவர் என்பதால் அத்திருமணத் தாள்களும் அவர் பெயரைச் சொல்லி விற்கப்படுகின்றன. அவற்றின் விலையை ஏற்றுபவர்கள் மணமகளான நடிகை கிரேஸ் கெல்லியின் ரசிகர்கள். பூலான்ஜேக்காக அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், கிடைத்தால் விடக்கூடாதது மாணவர்களின் பயிற்சி நோட்டுப் புத்தகம். பாரிஸ் இசைப்பள்ளி ஆசிரியர் போல் விதாலின் பயிற்சிகளைப் போல, கொடுக்கப்பட்ட அடிக்குரல் ஒன்றின் மேல் மாணவர் எழுதிய நான்கு குரல் பயிற்சியில் ஆசிரியரின் பென்சில் ஓடியிருக்கும். என்னிடம் உள்ள ஒரு நோட்டில் டெனாருக்கும் பாஸுக்கும் இடையே, இப்பயிற்சியில் பிழையாகக் கருதப்படும்படி, அடுத்தடுத்து வந்துவிட்ட இரண்டு ஐந்தாம் இடைவெளிகளை இணைத்து இரு சாய்கோடுகள் இழுக்கப்பட்டுள்ளன. கோட்டின் முனையில் பென்சில் அழுந்தித் தாள் சற்றே குழிந்திருப்பதை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் காணலாம். ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. இத்தகைய நோட்டுகள் பெரும்பாலும் மாணவர்களின் குடும்பங்களிலிருந்து வருகின்றன. பென்சில் கோடு யாருடையது என்பதற்கு அந்தக் குடும்பத்தின் சொல்லைத் தவிர வேறு சான்று இருக்காது என்பதால், நோட்டு யாருடையது, எந்த ஆண்டு, எங்கே பயின்றார் என்ற எழுத்துமூலக் குறிப்பை விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2. விற்பனைப் பட்டியலின் சுருக்கெழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் 240 யூரோ கொடுத்துக் கற்ற பாடம் இதுதான். பிரெஞ்சு விற்பனைப் பட்டியல்களில் ‘எல்.ஏ.எஸ்.’ (L.A.S.) என்று இருந்தால் கடிதம் முழுவதும் அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டது என்று பொருள். ‘எல்.எஸ்.’ (L.S.) என்று மட்டும் இருந்தால் கையொப்பம் மட்டுமே அவருடையது. கடிதம் தட்டச்சு செய்யப்பட்டதாகவோ உதவியாளர் எழுதியதாகவோ இருக்கும். நடுவில் ஒரேயோர் எழுத்து இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ‘சி.ஏ.எஸ்.’ என்பது கைப்பட எழுதிய அட்டை. ‘பி.ஏ.எஸ்.’ என்பது கடிதமல்லாத, கைப்பட எழுதிய வேறு ஏதேனும் தாள். ‘எஸ்.டி.’ என்றால் தேதியில்லை. ‘இன்-8’, ‘இன்-12’ போன்றவை தாளின் அளவு. எண் பெரிதாகப் பெரிதாகத் தாள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள், ‘இன்-12’ என்பதைப் பெரிய தாள் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

பூலான்ஜேயைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு கூடுதலாக முக்கியமானது. இறுதி ஆண்டுகளில் அவர் பார்வை ஏறக்குறைய முழுவதும் மங்கிவிட்டதால் பிறரே அவர் சொல்ல எழுதினார்கள். நெடுங்காலம் உடனிருந்து உதவிய ஆனெத் தியூதோனேயைப் போன்றவர்களின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே 1970-களின் கடிதம் ஒன்று எல்.ஏ.எஸ். என்று விற்கப்பட்டால், முழுப் பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். எல்.எஸ். வகையை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பொருள் செறிந்த எல்.எஸ். ஒன்று, ‘வியாழனன்று நான்கு மணிக்கு வாருங்கள்’ என்ற அளவிலான எல்.ஏ.எஸ். ஒன்றைவிட எனக்கு மேலானது. விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

3. வாங்கும் முன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்

இவருடைய கடிதங்களில் முழுப் போலிகளை அஞ்ச வேண்டியதில்லை. இந்த விலைக்கு அவ்வளவு உழைப்பை யாரும் போடமாட்டார்கள். அஞ்ச வேண்டியது தவறான விவரிப்பும், புகைப்படத்திலோ நன்றி அட்டையிலோ அச்சடிக்கப்பட்ட கையொப்பமும்தான். அச்சு எது, மை எது என்பதை அறியப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். பேனா மை தாளின் இழைகளுக்குள் ஊறியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அடர்ந்திருக்கும். அச்சில் சிறு புள்ளிகள் தெரியும், அல்லது கோடு முழுவதும் ஒரே அடர்த்தியில் இருக்கும். நேரில் பார்க்க முடியாதவர்கள், கையொப்பப் பகுதியை மட்டும் நெருக்கமாக, பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தைக் கேட்கலாம். இந்தப் படத்தை அனுப்ப மறுத்த எவரிடமும் நான் வாங்கியதில்லை.

ஒப்பிடுவதற்கு நம்பகமான மாதிரிகள் வேண்டுமென்றால், அவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இசைப் பிரிவில் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் கோப்லாண்ட் தொகுப்பும் பயன்படும். மாதிரிகளை ஆண்டுவாரியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 1910-ஆம் ஆண்டின் கையையும் 1965-ஆம் ஆண்டின் கையையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒருவருடையவைதானா என்று தயங்குவீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அவருடைய எழுத்தைப் படிப்பது எளிதன்று. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த என் தோழி ஒருவரே ஒரு சிறு அட்டையை வாசித்து முடிக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டார். விற்பவரிடம் தட்டெழுதிய வாசகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்.

நூலகங்களைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. தாளின் ஓரத்தில் நூலக முத்திரையோ, அழிக்கப்பட்ட நூலக அடுக்கு எண்ணோ தென்பட்டால் விலகிவிடுங்கள். பிரான்ஸில் பொதுச் சேகரங்களுக்கு உரியவை விற்கத்தக்கவை அல்ல. எத்தனை கைமாறி வந்திருந்தாலும், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், அரசு திரும்பக் கேட்கலாம்.

4. தேதியில்லாத கடிதத்துக்குக் காலம் கணியுங்கள்

கிழமையும் நாளும் எழுதி ஆண்டை விட்டுவிட்ட கடிதங்கள் நிறைய வரும். விற்பவர்கள் அப்போது புகழ்பெற்ற மாணவர் ஒருவரின் காலத்தை ஒட்டி ஆண்டைக் குறிப்பது வழக்கம், ஏனெனில் அது விலைக்கு நல்லது. நீங்களே சரிபார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

முகவரி அதிகம் உதவாது. 1904 முதல் இறக்கும்வரை அவர் பாரிஸ் ஒன்பதாம் வட்டாரத்தில், ரூ பலூ (‘ரூ’ என்றால் தெரு) 36-ஆம் எண்ணில், ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார். ஆனால் அச்சிட்ட தலைப்புத் தாளில் உள்ள துணுக்குகள் உதவும். வீட்டுக்கு முன் உள்ள சதுக்கத்துக்குப் பின்னாளில் லிலி பூலான்ஜேயின் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் முகவரியில் இருந்தால் கடிதம் இறுதிக் காலத்தது. 75009 என்ற ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் இணைப்பகத்தின் பெயரெழுத்துகள் இருந்தால், அந்தத் தாள் 1963-இல் பாரிஸ் எண்கள் முழுவதும் இலக்கங்களாக மாறுவதற்கு முன் அச்சிடப்பட்டது. ஆனால் சிக்கனமானவர்கள் பழைய தாளைப் பத்தாண்டுகள்கூட வைத்து எழுதுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்கத் தபால்தலையோடு போர்க்காலத் தணிக்கை ஒட்டுத்தாளும் உறையில் இருந்தால், அவர் அங்கே தங்கியிருந்த 1940 முதல் 1946 தொடக்கம் வரையிலான காலத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம்.

கறுப்பு விளிம்பிட்ட துக்கத் தாளில்தான் பலர் தவறுகிறார்கள். அதைக் கண்டதும், லிலி இறந்த 1918 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தந்தை 1900-இல் இறந்தார். உடன் பணியாற்றிய பியானோ கலைஞர் ராவுல் புன்யோ 1914 ஜனவரியில் இறந்தார். தாய் 1935-இல் இறந்தார். கறுப்பு விளிம்பு இவற்றுள் எதற்கும் உரியதாக இருக்கலாம். மார்ச் 15 என்ற நாளைக் கண்டாலும் அதுவே கதை, ஏனெனில் தங்கையின் நினைவு நாள் ஆண்டுதோறும் திருப்பலியோடு அனுசரிக்கப்பட்டு வந்தது.

உறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலும் பாரிஸ் நகருக்குள் காற்றழுத்தக் குழாய் வழியாக அனுப்பப்பட்ட விரைவுக் கடிதமாக இருந்தால், முத்திரையில் மணியும் சேர்ந்தே விழுந்திருக்கும். ஆகவே, ஏறக்குறைய ஒரே மாதிரியான இரு கடிதங்கள், ஒன்று உறையோடும் மற்றொன்று உறையில்லாமலும் வந்தால், பத்து இருபது யூரோ கூடுதலானாலும் உறையோடு உள்ளதையே வாங்குங்கள்.

5. எங்கே வாங்குவது

மூன்று வழிகள் உள்ளன. பாரிஸில் கையெழுத்துப் பிரதிகளுக்கென்றே உள்ள வணிகர்களிடம் விலை சற்றுக் கூடுதல், ஆனால் விவரிப்பு துல்லியமாக இருக்கும். தவறென்று காட்டினால் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தொடங்குபவர்கள் முதல் இரண்டு கடிதங்களையாவது இவ்வழியில் வாங்குவது நல்லது.

இரண்டாவது வழி ஏலம். ரூ த்ருவோவில் உள்ள ஓத்தெல் த்ருவோ என்பது ஏலம் நடக்கும் கட்டடமே தவிர, ஏலம் விடும் நிறுவனமன்று. ஒவ்வோர் ஏலத்தையும் வெவ்வேறு நிறுவனம் நடத்துகிறது, கட்டணமும் நிபந்தனைகளும் மாறும். ஒவ்வொரு முறையும் அந்த ஏலத்தின் விற்பனை நிபந்தனைகளைப் படித்தாக வேண்டும். பிரெஞ்சு ஏலத்தில் வாங்கிய பொருளின் விவரிப்பு தவறாக இருந்தால் விற்பனை நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வழக்குத் தொடர உரிமை உண்டு. அதற்கு அடிப்படையாக இருப்பது பட்டியலின் அந்த ஒரு பக்கம்தான் என்பதால் ஏலம் முடிந்த அன்றே அதைச் சேமித்து வையுங்கள். மேலும், ஏலத்தில் நீங்கள் வென்ற பிறகும் கடிதம் உங்களுடையதாகாமல் போகலாம். பிரெஞ்சு அரசு, தன் நூலகம் ஒன்றுக்காக, ஏலம் முடிந்த உடனே குறுக்கிட்டு அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை உறுதிசெய்ய அதற்கு 15 நாள் அவகாசம் உண்டு. சாதாரண அட்டைகளுக்கு இது நேர்வதில்லை. இசையமைப்பாளர் ஸ்த்ராவின்ஸ்கியைப் பற்றிப் பேசும் கடிதத்தைக் கேட்கிறீர்கள் என்றால் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி அமெரிக்கா. அவருடைய மாணவர்களில் பெருந்தொகையினர் அமெரிக்கர்கள். அவர்கள் காலமான பிறகு வீட்டுப் பொருள்கள் விற்கப்படும்போது கடிதங்களும் நிகழ்ச்சித் தாள்களும் பழைய புத்தக வணிகர்களிடம் வந்து சேர்கின்றன. விவரிப்பு சுமாராக இருக்கும், ஆனால் விலை இறங்கியிருக்கும். ஏழாம் பகுதியில் சொல்லப் போகும் ஐரோப்பிய ஏற்றுமதி உரிமத் தொல்லையும் இல்லை. இந்தியாவில் இருந்துகொண்டு சேகரிப்பவருக்கு இதுவே எளிதான வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதை யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் பாரிஸ் ஏலங்களுக்காக நள்ளிரவில் விழித்திருந்திருக்க மாட்டேன்.

6. கேட்கும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு

நான் பார்த்த வரையில், உள்ளடக்கம் அதிகமில்லாத கைப்பட எழுதிய அட்டைகள் 100 முதல் 200 யூரோவுக்குள் கிடைக்கின்றன. இசையைப் பற்றியோ கற்பித்தலைப் பற்றியோ பேசும் நீண்ட கடிதங்கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பெறுநர் புகழ்பெற்றவர் என்றால் விலை பூலான்ஜேயைப் பின்பற்றாது, அந்தப் பெறுநரைப் பின்பற்றும்.

ஏலத்தில் வாங்குவோர் தங்கள் உச்ச விலையைத் தீர்மானிக்கும்போது பின்னால் வரும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கடிதம் 150 யூரோவுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கட்டணம் 25 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். 28 சதவீதம் என்றால் 42 யூரோ. இணையவழியில் கேட்டதற்கு இன்னும் இரண்டு மூன்று யூரோ. பொதி கட்டி, காப்பீட்டோடு கூரியரில் அனுப்ப 55 யூரோ. இந்திய வங்கி அட்டையில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணமாக ஏறக்குறைய மூன்றரை சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். ஆக 150 யூரோக் கடிதம், இந்தியச் சுங்க வரிக்கு முன்பே, 260 யூரோவைத் தொட்டுவிடுகிறது. வாங்கியதைக் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் த்ருவோவில் கிடங்கு வாடகையும் ஏறும்; ஆகவே யார் எடுத்து அனுப்பப் போகிறார்கள் என்பதை ஏலத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

7. ஐரோப்பாவிலிருந்து வெளியே எடுக்க உரிமம் வேண்டும்

பலரும் அறியாத கட்டம் இது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் இசைப் பிரதிகளும், அவற்றை எழுதியவரிடம் அல்லாமல் வேறொருவரிடம் இருக்கும்போது, விலை எவ்வளவானாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பண்பாட்டுப் பொருள் ஏற்றுமதி விதிக்குள் வருகின்றன. 200 யூரோ அட்டையாக இருந்தாலும் அப்படியே. 1979-இல் இறந்தவர் என்பதால், 2029 முடியும்போது பூலான்ஜேயின் ஒவ்வொரு கடிதமும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டிருக்கும். பிரிட்டனிலும் இத்தகைய உரிம முறை உண்டு.

விண்ணப்பத்தை நீங்கள் இங்கிருந்து போடத் தேவையில்லை. வணிகரோ ஏல நிறுவனமோ அமர்த்தும் அனுப்புநரோ பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தில் விண்ணப்பிப்பார். ஆனால் பணம் கட்டும் முன் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விண்ணப்பிப்பவர் யார், அதற்குக் கட்டணம் எவ்வளவு, உரிமம் வரும்வரை கடிதம் யாருடைய பொறுப்பில் இருக்கும். விலை உயர்ந்த பொருள்களுக்குத் தனியே ஒரு சான்றிதழும் தேவைப்படும். அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டுச் சிலர், ‘சாதாரணக் கடிதமாக உறையில் போட்டு அனுப்பிவிடுகிறேன்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைந்தால் காப்பீடு கிடையாது. தொலையாமல் வந்தாலும், பின்னாளில் விற்கவோ ஒரு நூலகத்துக்குக் கொடுக்கவோ நினைக்கும்போது, அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

8. இந்தியச் சுங்கத்தைக் கடப்பது

எனக்கு 19 நாளைத் தின்ற பொதியின் மேல், அனுப்பியவர் நல்லெண்ணத்தோடு ‘அன்பளிப்பு’ என்று எழுதி மதிப்பை 10 யூரோ எனக் குறித்திருந்தார். உள்ளே 180 யூரோவுக்கான ரசீது இருந்தது. அன்பளிப்பு என்று எழுதினால் வரி தப்பும் என்ற சலுகை 2019 டிசம்பரோடு, ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்ற விலக்குகள் நீங்கலாக, முடிந்துவிட்டது. எனவே உண்மையான மதிப்பையும் ‘விற்பனை’ என்பதையும் குறிக்கும்படி அனுப்புபவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது வகைப்பாட்டு எண். கைப்பட எழுதிய வாசகங்கள் 4906 என்ற தலைப்பிலும், அச்சிட்டதோ கையால் எழுதியதோ ஆன இசைப் பிரதிகள் 4904-இலும், வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள்கள் 9705-இலும், நூறாண்டைத் தாண்டிய தொல்பொருள்கள் 9706-இலும் வருகின்றன. ஒரே கடிதத்தை இரு அலுவலர்கள் இரு தலைப்பில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், வரியும் அதற்கேற்ப மாறும். இன்வாய்ஸிலேயே எண்ணையும், ‘கைப்பட எழுதிய தனிப்பட்ட கடிதம், காகிதம், ஒரு தாள், இன்ன ஆண்டு’ என்ற தெளிவான விவரிப்பையும் எழுதச் சொன்னால் வாக்குவாதம் குறையும். ‘டாக்குமென்ட்’ என்று மட்டும் எழுதிய பொதி பிரிக்கப்படுவது உறுதி.

ஒரே கோப்பில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கிச் சான்று, விற்பனைப் பட்டியலின் பக்கம், ஏற்றுமதி உரிமத்தின் நகல், உங்கள் ஆதார், பான் நகல்கள், உங்கள் சார்பில் சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்யக் கூரியர் நிறுவனத்துக்கு அளிக்கும் அதிகாரக் கடிதம். கூரியர் நிறுவனம் கேட்ட அன்றே இவற்றை அனுப்பினால் மூன்று நான்கு நாளில் கைக்கு வந்துவிடுகிறது. ஒன்றொன்றாகத் தேடி அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் போகும், அதற்குக் கிடங்கு வாடகையும் நம் தலையில்தான்.

இந்த ஆவணங்களைப் பொதி வந்த பிறகு தூக்கி எறியாதீர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணம் ‘தொல்பொருள்’ என்ற வரையறைக்குள் வரக்கூடும், தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. 1930-களின் கடிதம் ஒன்றை இங்கே கொண்டுவந்துவிட்டு, பின்பு ஒரு பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்ப விரும்பினால், அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று காட்ட அந்தச் சுங்கச் சீட்டைத் தவிர வேறு வழியில்லை.

9. வீட்டில் வைப்பது

சென்னை ஈரக்காற்றில் காகிதத்தின் பகை பூஞ்சையும் துருவும். கடிதத்தோடு வந்த குண்டூசி, கிளிப் ஆகியவற்றை முதல் வேலையாக அகற்றுங்கள். அமிலமற்ற காகித உறையிலோ தெளிந்த பாலியெஸ்டர் உறையிலோ வைத்து, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் ஃபோல்டர்கள் சில ஆண்டுகளில் ஒட்டிக்கொண்டு மையைப் பெயர்த்துவிடும். லாமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், பின்புறத்தில் எண்ணிட வேண்டுமென்றால் மென்மையான பென்சிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சட்டமிட்டு மாட்ட ஆசைப்படுபவர்கள் நல்ல நகலை மாட்டட்டும். நீலப் பேனா மை வெயிலில் வெளுத்துவிட்டால் திரும்பாது.

10. படமெடுத்து வெளியிடும் முன்

கடிதம் உங்களுடையது, அதிலுள்ள வாசகம் உங்களுடையதன்று. பிரான்ஸில் காப்புரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிப்பதால், பூலான்ஜேயின் எழுத்துகள் 2049 முடியும்வரை காக்கப்பட்டுள்ளன. இந்தியச் சட்டம் 60 ஆண்டு என்கிறது. ஆனால் அவர் வாழ்நாளில் வெளியாகாத எழுத்துக்கு அந்த 60 ஆண்டு, முதன்முதலாக வெளியிடப்படும் ஆண்டிலிருந்தே எண்ணப்படும். தனிப்பட்ட கடிதம் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே முழுக் கடிதத்தின் படத்தைப் பொதுவெளியில் போடும் முன் அனுமதி கேட்க வேண்டும். பாரிஸில் இயங்கும் நாதியா, லிலி பூலான்ஜே பன்னாட்டு மையத்தை முதலில் அணுகலாம். பெறுநரின் குடும்பத்தார் உயிரோடிருந்தால், அவர்களைப் பற்றிய நோய், பணம், திருமணச் செய்திகள் கடிதத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதுவது நல்லது. கடிதத்தின் நாள், பெறுநர், முதல் வரி, தாளின் எண்ணிக்கை, எங்கே வாங்கினீர்கள் என்ற விவரங்களோடு, எத்தனை வரியை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆகஸ்டில் அனுப்பாதீர்கள், அந்த மாதம் பாரிஸில் யாரும் பதில் எழுதுவதில்லை.